கல்லைக் கற்கும் பட்டம்



செஞ்சி வட்டாரத்தில் தளவானூர் என்றொரு சிற்றூர் உண்டு. கி. பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் அவ்வூர்க் குன்றைக் குடைந்து, சத்ருமல்லேசுவரம் என்னும் கோயிலை அமைத்தான். வரலாறு பயில்வோர் அதன் தூண்களையும் மகர தோரணத்தையும் காணச் செல்வர். நான் சென்றதோ, தோரணம் செதுக்கப்பட்ட அந்தக் கல்லைக் காண்பதற்கு. நிலவியலில் எம்.எஸ்ஸி. பட்டம் பெறுவதற்கான ஆய்வேட்டிற்கு அக்குன்றும் அதன் சுற்றுப்புறமும் எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தன.

அப்பட்டம் பெற என்னென்ன வேண்டும் என்று உங்களில் பலர் கேட்பதுண்டு. முதலில் வேண்டுவது இளநிலை அறிவியல் பட்டம். பெரும்பாலும் நிலவியலையே முதன்மைப் பாடமாகக் கொண்ட பட்டம். ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் சேர நுழைவுத் தேர்வும் உண்டு. படிப்பு இரண்டு ஆண்டுகள், நான்கு பருவங்கள். கனிமவியல், பாறையியல், தொல்லுயிரியல், பாறை அடுக்கியல், கட்டமைப்பு நிலவியல், நிலத்தடி நீரியல் எனப் பாடங்கள் பல. ஆய்வுக் கூடத்தில் ஒரு பாறைத் துண்டை 0.03 மில்லிமீட்டர் கனம் வரும்வரை தேய்த்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்போம். ஒளி புகாத கருங்கல் அப்பொழுது வண்ணக் கண்ணாடிபோல் தன் உள்ளடக்கத்தைக் காட்டும்.

காலத்தைக் கணிக்கவும் கற்க வேண்டும். செஞ்சிக் குன்றுகளின் கருங்கல் 200 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. அதே விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களோ ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையுடையவை. ஒரே நாளில் இரண்டையும் கண்டு திரும்பலாம்; இடையே உள்ள காலத்தை நினைத்தால் தலை சுற்றும்!

இவையனைத்தையும் வகுப்பிலும் ஆய்வுக் கூடத்திலும் கற்றுவிடலாம். களப்பணி மட்டும் காலால் கற்க வேண்டியது. சுத்தியல், திசைகாட்டி, கைலென்சு, நிலப்படம், குறிப்பேடு ஆகியவற்றுடன் வெயிலில் நடந்து, ஒவ்வொரு பாறையின் சாய்வையும் விரிசலையும் அளந்து, படத்தில் குறிக்க வேண்டும்.

தளவானூரில் அவ்வாறு நான் திரிந்தது சித்திரை மாதம். குன்றின் மூன்று பக்கங்களை அளந்து முடித்தேன். நான்காம் பக்கம் முள் அடர்ந்திருந்தது. உடலும் சோர்ந்திருந்தது. தொலைவிலிருந்தே நோக்கினேன், ஒரு விரிசல் தென்பட்டது. அது செல்லும் திசையை ஊகித்து, படத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டேன்.

மாலையில் நான் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் படத்தை விரித்து வைத்திருந்தேன். குன்றையொட்டி நிலம் வைத்திருந்த முதியவர் ஒருவர் வந்து குனிந்து பார்த்தார்.

"தம்பி, இந்தக் கோடு என்ன சொல்லுது?"

"பாறையில் விரிசல் போகும் திசை, பெரியவரே. கருங்கல்லில் தண்ணீர் தங்குவது இத்தகைய விரிசல்களில்தான்."

"என் கொல்லைப் பக்கமா வருதே! இதை நம்பி நான் போர் போடலாமா?"

என்னால் விடை கூற இயலவில்லை. எனக்கு அது தாளில் ஒரு கோடு. அவருக்கோ கடன் வாங்கிப் போடவிருக்கும் பணம்.

மறுநாள் விடியுமுன் முள்ளை விலக்கிக்கொண்டு நான்காம் பக்கம் ஏறினேன். நான் விரிசல் என்று கண்டது விரிசலே அன்று! மேலிருந்து உருண்டு வந்த பாறையொன்று குன்றின்மேல் சாய்ந்து கிடந்தது. இரண்டிற்கும் இடைப்பட்ட சந்துதான் தொலைவிலிருந்து என்னை ஏமாற்றியது. இறங்கி வந்து பெரியவரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "நல்லவேளை, சொன்னீங்க" என்று மட்டும் கூறி, அவ்விடத்தில் போர் போடும் எண்ணத்தைக் கைவிட்டார்.

எனக்குத்தான் மனம் அமையவில்லை. ஒரு கோடு பொய்த்தால் மற்றக் கோடுகளுக்கு யார் பிணை? குன்று முழுவதையும் மீண்டும் அளந்தேன். ஆய்வேட்டை உரிய நாளில் அளிக்க முடியாமல், என் பட்டம் ஒரு பருவம் தள்ளிப்போயிற்று. உடன் படித்தோர் வேலைக்குச் சென்றபோது நான் தளவானூர் வெயிலில் நின்றேன். வருத்தமில்லையா என்றால், அன்று இருந்தது, இன்று இல்லை.

1851இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் நிலவியலறிஞராகச் சேர முதுநிலைப் பட்டமும், மத்தியத் தேர்வாணையத்தின் தேர்வில் வெற்றியும் வேண்டும். அணைக்கும் சுரங்கத்திற்கும் கிணற்றுக்கும் இடம் குறிப்போரில் இப்பட்டம் பெற்றவர்கள் பலர். அவர்கள் இழுக்கும் கோட்டைப் பிறர் நம்புகிறார்கள்.

ஆகவே, நண்பர்களே, நிலவியலில் எம்.எஸ்ஸி. பெற என்ன வேண்டும் என்று யாரேனும் கேட்டால், பட்டம், பருவம், தேர்வு, ஆய்வேடு என்ற பட்டியலைத் தவறாமல் சொல்லுங்கள். அதன் கடைசியில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கால் படாத இடத்தில் கோடு இழுக்காத மனம்.