செயின் வண்டியின் இறுக்கமும் தளர்ச்சியும்



பெங்களூர் நகர மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், நம் ஒசூரை ஒட்டிக் கிடப்பது ஆனேக்கல் வட்டம். ஒருபுறம் கல்குவாரிகள்; மறுபுறம் வண்டல் படிந்த ஏரிகள். எல்லை தாண்டிப் பிழைக்க வந்த தமிழர் பலருக்கு இவ்விரண்டு இடங்களிலும் பழக்கமான இயந்திரம் ஒன்று உண்டு. ஏட்டில் அதன் பெயர் கிராலர் டிராக்டர். முன்னால் அலகு பூட்டினால் புல்டோசர். தொழிலாளர் நாவில் செயின் வண்டி. அதன் செயினை எவ்வளவு இறுக்குவது, எவ்வளவு தளர்த்துவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

1904ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர், சக்கரங்கள் புதைந்துபோகும் சதுப்பு நிலத்தில் உழுவதற்காக, தன் பாதையைத் தானே விரித்துக்கொண்டு செல்லும் வண்டியைச் சோதித்துப் பார்த்தார். நம் நாட்டில் 1964ஆம் ஆண்டில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் எழுந்தது. தமிழர் மிகுந்து வாழும் கோலார் தங்கவயலில், ஜப்பானியக் கொமாட்சு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் அது புல்டோசர்களைச் செய்தது. எந்த நாட்டு வண்டியாயினும் செயினின் இலக்கணம் ஒன்றே.

அந்த இலக்கணத்தைச் சுருக்கமாகக் கூறுவோம். பின்புறமுள்ள ஸ்பிராக்கெட் என்னும் பல்சக்கரம் செயினை இழுக்கிறது. முன்புறமுள்ள ஐட்லர் என்னும் சக்கரம் அதைத் தாங்கித் திருப்புகிறது. இந்த ஐட்லரை முன்னே தள்ளினால் செயின் இறுகும். பின்னே விட்டால் தளரும். மிகப் பழைய வண்டிகளில் இத்தள்ளுதலைத் திருகு ஒன்று செய்தது. பிற்கால வண்டிகளில் கிரீஸ் நிரம்பிய சிலிண்டர் செய்கிறது. அதன் பின்னே பெரிய சுருள்வில் ஒன்று, பாறையில் மோதும் அதிர்ச்சியை ஏற்பதற்காக, அழுத்தப்பட்டு நிற்கிறது.

செயின் தளர்ந்து தோன்றினால், உடனே கிரீஸ் கன்னை எடுத்து அடித்து இறுக்கிவிடுவது பலரது வழக்கம். மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடும் வண்டியாதலால் அவசரம் இருப்பது இயல்பே. ஆயினும் முதலில் எடுக்க வேண்டியது கிரீஸ் கன் அன்று, அளவுகோல்.

சமதரையில் வண்டியை மெல்ல முன்னோக்கிச் செலுத்தி, பிரேக் போடாமல் தானே நிற்க விடுக. மேல் ரோலருக்கும் ஐட்லருக்கும் இடையே, செயினின்மீது நேரான சட்டம் ஒன்றை வைத்து, நடுவில் உள்ள தொய்வை அளக்க. கொமாட்சு வகைப் பழைய புல்டோசர்கள் பலவற்றிற்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் தொய்வு பொருந்தும். உங்கள் வண்டிக்கு உரிய அளவை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்வதே முறை.

இங்கே ஆனேக்கல் நிலம் நமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. குவாரிப் பாறையில் செயின் சற்று இறுக்கமாக இருத்தல் நன்று. அதே வண்டி ஏரியில் தூர்வார இறங்கினால், களிமண் பல்சக்கரத்திற்கும் புஷ்ஷுக்கும் இடையே புகுந்து கெட்டிப்பட்டு, செயினைத் தானாகவே இறுக்கிவிடும். ஆதலால் அங்கே சிறிது தளர்த்த வேண்டும்; சேறு அப்பிய நிலையிலேயே அளந்து பார்க்க வேண்டும். மிகுந்த இறுக்கம் பின், புஷ், பல்சக்கரம், ஐட்லர் அனைத்தையும் தேய்த்து, எஞ்சினின் வலிமையையும் தின்றுவிடும். மிகுந்த தளர்ச்சியோ, திரும்பும்போது செயினைக் கழன்று விழச் செய்யும்.

அளந்து சரிசெய்த பின்னும் தொல்லை நீங்காவிடில் காரணத்தை ஆராய வேண்டும். மாலையில் இறுக்கியது காலையில் தளர்ந்திருந்தால் கிரீஸ் எங்கோ கசிகிறது என்பது பொருள். வால்வின் வாயில் கசிவு இல்லையேல், சிலிண்டரின் உள்ளே உள்ள சீல் தேய்ந்திருக்கக்கூடும். கிரீஸ் ஏறியும் ஐட்லர் நகரவில்லையாயின், அது நகரும் தடத்தில் மண்ணும் துருவும் இறுகியிருக்கும். அதைத் துப்புரவு செய்யாமல் மேலும் மேலும் கிரீஸ் அடிப்பது அபாயம்.

ஐட்லர் தன் எல்லை மட்டும் முன்னே போய்விட்டதாயின் செயினே நீண்டுவிட்டது என்று உணர்க. பின்னும் புஷ்ஷும் உராய்ந்து தேயும்போது ஒவ்வொரு கணுவும் சிறிது நீள்கிறது. சுமார் 40 கணுக்கள் கொண்ட செயினில் அச்சிறு நீட்சிகள் கூடி அங்குலங்கள் ஆகின்றன. காலத்தில் கண்டால், பட்டறையில் பின்னையும் புஷ்ஷையும் அரைச்சுற்றுத் திருப்பிப் பொருத்தி, தேயாத பக்கத்தைப் பயன்படுத்தலாம். காலம் தாழ்த்தினால் புதுச் செயின் வாங்குவதன்றி வேறு வழியில்லை.

இனிக் கூறப்போவது உயிரைப் பற்றியது. செயினைத் தளர்த்த வால்வைத் திறக்கும்போது ஒரு சுற்றுக்கு மேல் திருப்பலாகாது. முகமோ கையோ முழங்காலோ அதன் நேரே இருத்தலாகாது. உள்ளிருக்கும் கிரீஸ் தோலைத் துளைக்கும் விசையுடன் பாயக்கூடும். அவ்வாறு பாய்ந்த காயம் ஊசி குத்தியது போலச் சிறிதாகத் தோன்றினும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். வால்வைத் தளர்த்தியும் கிரீஸ் வெளிவராவிடில், மேலும் திருகாமல், அனைவரையும் விலகச் செய்து, வண்டியைச் சிறிது முன்னும் பின்னும் நகர்த்துக. துருப்பிடித்த சிலிண்டரை வாயு விளக்கால் சூடாக்க வேண்டாம், அது வெடிக்கக்கூடும். சுருள்வில்லோ பல டன் விசையுடன் அடங்கி நிற்பது. தக்க அழுத்தப் பொறி இல்லாத இடத்தில் அதைக் கழற்ற முயல்வது உயிரோடு விளையாடுவதாகும்.

இவ்வெச்சரிக்கைகள் கையேடுகளில் இல்லாமல் இல்லை. பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. வால்வின் எதிரே குனிந்து அமர்பவனோ, நேற்று வேலைக்கு வந்த உதவியாளாக இருக்கலாம். அவன் தமிழ் பேசுபவனாயினும், கன்னடமோ இந்தியோ பேசுபவனாயினும், ஸ்பேனரை அவன் கையில் கொடுக்கும் முன் இவற்றை அவனுக்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்லுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிட வாடகையைக் கணக்கில் எழுத வேண்டியதில்லை.