சும்மா ஓடும் இயந்திரம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் பெருமையைப் பேசுவதுதான் வழக்கம். நான் இன்று பேசப் போவது டயருக்குக் காற்றடிக்கும் ஒரு கம்பிரசரைப் பற்றி. "வாத்தியாருக்கு என்ன ஆச்சு?" என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கடந்த பள்ளி விடுமுறையில் என் மாமா வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். அவர் லாரி பழுதுபார்க்கும் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. நடுச்சாமத்தில் பட்டறைக்குள்ளிருந்து 'தடதட'வென்று சத்தம். திருடன்தான் வந்துவிட்டான் என்று பயந்து மாமாவை எழுப்பினேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "அது கம்பிரசர்டா. காத்து கொறைஞ்சா தானா ஓடும், தானா நிக்கும். நீ படு," என்றார்.

அவர் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. பட்டறை பூட்டிக் கிடக்கிறது. ஒருவரும் காற்றை எடுக்கவில்லை. அப்படியிருக்க, காற்று எப்படிக் குறையும்? எங்கோ ஒழுகுகிறது என்றுதானே பொருள்? கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அரை மணிக்கு ஒரு முறை ஓடியது. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம்.

மாணவர்களே, இப்போது என்னோடு சேர்ந்து கணக்குப் போடுங்கள். அந்த மோட்டார் 3 குதிரைச் சக்தி. ஒரு குதிரைச் சக்தி 746 வாட். ஆக மொத்தம் ஏறத்தாழ 2.2 கிலோவாட். மாலை 6 மணிக்குப் பட்டறையை மூடி, மறுநாள் காலை 8 மணிக்குத் திறக்கும்வரை 14 மணி நேரம். மணிக்குப் பத்து நிமிடம் என்றால் 140 நிமிடம். ஓர் இரவுக்கு 5 யூனிட்டுக்கு மேல் வருகிறது. முப்பது இரவுக்கு 150 யூனிட். யூனிட் 50 காசு என்று கணக்குக்காக வைத்துக்கொண்டாலும் மாதம் 75 வெள்ளி! ஒரு டயருக்கும் காற்றடிக்காமல், ஒரு போல்ட்டையும் கழற்றாமல், 75 வெள்ளி.

இதில் என் மனத்தைச் சுட்ட செய்தி ஒன்று உண்டு. அந்தப் பட்டறையில் வேலை பழகும் பையன் என்னிடம் படித்தவன். மாதம் ஐம்பது வெள்ளி கூட்டிக் கேட்டிருக்கிறான். "கரண்டு பில்லைப் பாத்தியா? எங்கேருந்து குடுக்கிறது?" என்று மாமா சொல்லிவிட்டார். அதற்கு முன்பே அந்தப் பையன், "மொதலாளி, பைப்புல காத்து போற சத்தம் கேக்குது," என்று சொல்லியிருக்கிறான். "சின்னப் பையன், வேலையைப் பாரு" என்பதுதான் அவனுக்குக் கிடைத்த பதில்.

காலையில் நான் கணக்கைச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் எழுதிக் காட்டினேன். மாமா ஒன்றும் பேசவில்லை. பையனைக் கூப்பிட்டு, "எங்கடா சத்தம் கேட்டுச்சு?" என்றார். சவர்க்காரத் தண்ணீரைக் குழாய் இணைப்புகளில் தடவினோம். மூன்று இடங்களில் நுரை பொங்கியது. அவ்வளவுதான் சோதனை! இணைப்புகளை இறுக்கி, ஒரு பழைய ஹோஸை மாற்றினார்கள். அன்று முதல் வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சை அடைப்பது அந்தப் பையனின் பொறுப்பு.

பெற்றோர்களே, உங்களில் பலர் செம்பனை ஆலையிலும் தோட்டத்துப் பட்டறையிலும் வேலை செய்கிறீர்கள். பசியாறப் போகும் நேரத்தில் உங்கள் பட்டறையை ஒரு முறை திரும்பிப் பாருங்கள். தீட்டுக்கல் சுற்றிக்கொண்டிருக்கும். கடைசல் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். சும்மா சுற்றும் மோட்டார் முழு வேலைக்கான மின்சாரத்தை இழுக்காது, உண்மை. ஆனாலும் உராய்வுக்கும் சூட்டுக்கும் அது தீனி கேட்டுக்கொண்டேதான் இருக்கும். பழைய டிரான்ஸ்பார்மர் வகை வெல்டிங் பெட்டியும் அப்படித்தான். கம்பி பற்றவைக்காத நேரத்திலும் 'ம்ம்ம்' என்று முனகுகிறதே, அது மின்சாரம் தின்னும் சத்தம். ஆள் இல்லாமல் சுற்றும் தீட்டுக்கல் கையையும் கண்ணையும் பறிக்கக் கூடியது. அதை நிறுத்துவது காசுக்கும் காவல், உயிருக்கும் காவல்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். பெரிய மோட்டார்களை அடிக்கடி நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டால் அவை சூடேறிக் கெட்டுப்போகும். ஆலையில் நிறுத்தவே கூடாத இயந்திரங்களும் உண்டு. ஆகவே மேலாளைக் கேட்டுச் செய்யுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். மேலாள்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சின்னப் பையன் சொல்கிறான் என்று தள்ளிவிடாதீர்கள்.

இங்கே அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் லயன் வீடுகளுக்கு இரவில் சில மணி நேரம்தான் விளக்கு. தோட்டத்து இஞ்சின் நின்றால் இருட்டு. அதற்குள் சமைத்து, சாப்பிட்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். இன்று தீபகற்ப மலேசியாவில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்துக் கிடைப்பது. அந்த நிலக்கரியும் கப்பலேறி வெளிநாட்டிலிருந்து வருகிறது. சுவிட்சைத் தட்டினால் வருகிறது என்பதற்காக அது சும்மா வருகிறது என்று எண்ணலாமா?

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் நாளை மெக்கானிக் ஆவீர்கள், சிலர் இஞ்சினியர் ஆவீர்கள். ஓடுகிற இயந்திரமெல்லாம் வேலை செய்கிறது என்று நம்பிவிடாதீர்கள். காதைத் தீட்டிக் கேளுங்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். வகுப்பில் நான் சொல்லித்தந்த பெருக்கலும் வகுத்தலும் அதற்குப் போதும்.

என் மாமாவின் அடுத்த மாதப் பில்லில் முழு 75 வெள்ளியும் குறைந்துவிடவில்லை. அறுபதுக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைந்தது. அதில் ஐம்பது வெள்ளி பையனின் சம்பளத்தில் ஏறியது. அவனுக்கு இன்று இந்த மேடையில் பரிசு இல்லை. ஆனால் என் கணக்கில் முதல் பரிசு அவனுக்குத்தான்.