மூன்றாம் நாள் மணல்

களைக்கொல்லி என்றால் என்ன என்பதெல்லாம் உழவர்களான உங்களுக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். நடவு வயலில் களை மருந்துக்கு உகந்த நாள், நட்ட மூன்றாம் நாள். மூன்றாம் நாள், மணலோடு, நின்ற தண்ணீரில். இதைத்தான் இன்றைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

இப்போது காவிரி டெல்டாவில் பல கடைகளில், "அவசரப்படாதீங்க, களை முளைக்கட்டும், இருபதாம் நாள் ஒரே அடியா அடிச்சிடலாம்" என்கிறார்கள். பிஸ்பைரிபேக் சோடியம் வந்த பிறகு இதுவே வழக்கமாகிவிட்டது. அது கெட்ட மருந்தல்ல. ஆனால் களை இரண்டு இலைக்கும் நான்கு இலைக்கும் நடுவில் இருக்கும்போது அடிக்க வேண்டும். அடிப்பதற்கு முன் தண்ணீரை வடிக்க வேண்டும், இரண்டு மூன்று நாளில் மறுபடி கட்ட வேண்டும். ஐப்பசி அடைமழையில் வாய்க்காலும் வயலும் ஒரே மட்டமாக நிற்கும்போது எதை, எங்கே வடிப்பது? ஒரு வாரம் தள்ளிப்போனால் குதிரைவாலிப் புல் தூர் கட்டிவிடும். நாம் போட்ட அடியுரத்தில் அதுவும் பங்கு வாங்கியிருக்கும். வானொலியில் கேட்டதை நம்பி ஏ.டி.டி. 27 நெல் ரகத்தைப் பயிரிட்டு, அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்த தஞ்சைச் சீமை இது. என் பேச்சையும் அப்படி நம்புங்கள், களை முளைக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

மூன்றாம் நாள் போடும் பூட்டாகுளோரும் பிரெட்டிலாகுளோரும் சேற்றின் மேலே மெல்லிய படலமாகத் தங்கும். களை விதை முளைத்து அந்தப் படலத்தைத் தொடும்போதே குருத்து சுருண்டு நின்றுவிடும். நம் நாற்று வளர்ந்த நாற்று, வேர் அதற்குக் கீழே இறங்கியிருக்கும். அதனால் பிழைக்கிறது. அந்தப் படலத்தைக் கலையாமல் காப்பது தண்ணீர். ஓர் அங்குலம் நின்றால் போதும். ஆனால் அடுத்த மூன்று நாளைக்கு வடிக்கவும் கூடாது, புதுத் தண்ணீர் விடவும் கூடாது. மீண்டும் சொல்கிறேன்: வடிக்கவும் கூடாது, விடவும் கூடாது.

எங்கள் ஊரில் இந்த மருந்தை மணலில் கலந்து தூவுவதற்கென்றே ஒரு பெரியவர் இருந்தார். அவர் வேலையைப் பார்ப்பதற்காகவே நான் வரப்பில் நின்றிருக்கிறேன். ஏக்கருக்கு 20 கிலோ மணல். அதில் ஈரம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். அள்ளினால் விரலிடுக்கில் உதிர வேண்டும் அவருக்கு. வரப்பில் சாக்கை விரித்து, கையுறை மாட்டிக்கொண்டு, 1 லிட்டர் பூட்டாகுளோரைச் சிறுகச் சிறுக ஊற்றிப் பிசறுவார். மணல் முழுக்க ஒரே நிறமாகும்வரை விடமாட்டார். அப்புறம் அதை இரண்டு பங்காக்குவார். ஒரு பங்கு கிழக்கு மேற்காக, மறு பங்கு தெற்கு வடக்காக. நடவில் 8 அடிக்கு 1 அடி விட்ட பட்டத்தில் மட்டுமே கால் வைப்பார். மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினால் மணல் விசிறியாக விரிந்து, நாற்றின் இலையில் தங்காமல் சரசரவென்று தண்ணீருக்குள் இறங்கும். கைத்தெளிப்பானில் அடித்தால் இலையிலும் கொஞ்சம் படியும்; மணல் நேரே சேற்றுக்குப் போய்விடும். அவர் தூவிய வயலில் மேடு தட்டிய இடத்தில் மட்டும்தான் கோரை தலைகாட்டும். "மருந்தைத் திட்டாதே தம்பி, பரம்படிச்சவனைத் திட்டு" என்பார். தண்ணீர் மூடாத மேட்டில் எந்த மருந்தும் நிற்காது என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

மூன்றாம் நாளே மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பிரெட்டிலாகுளோர் என்றால் ஐந்தாம் நாள் வரை பொறுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். மடையை அடைத்து, வரப்பை உயர்த்திவிட்டுத் தூவுங்கள். வரப்பு வழிந்தால் நம் மருந்து பக்கத்து வயலுக்குத்தான் போகும்.

மருந்துக்கும் தப்பிய களையை 35ஆம் நாள் கையால் எடுத்துவிடுங்கள். குதிரைவாலி நெல்லோடு நெல்லாக நிற்கும். இலையும் தண்டைச் சுற்றிய உறையும் சேருமிடத்தைப் பிரித்துப் பாருங்கள். நெல்லில் அங்கே வெள்ளையாகக் கூர்மையான ஒரு சின்ன நாக்கு இருக்கும். குதிரைவாலியில் அந்த இடம் மொட்டையாக இருக்கும். கதிர் விடுமுன் வேரோடு பிடுங்கி வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள். வரப்பில் போட்டால், மழை ஈரத்தில் மறுபடி வேர் பிடித்துவிடும்.