ஆத்தோரத்து மில்லும் அந்தப் பொண்ணுங்களின் சேமிப்பும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



சேமிப்பைப் பத்திப் பேசச் சொன்னாங்க. மாசாமாசம் நாம பேசுறதுதானே அது. அதனால, நூலகத்தில் எடுத்துப் படித்த ஒரு பழைய மில் ஊரின் கதையைச் சொல்றேன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துல மெரிமாக்னு ஒரு ஆறு. ஓரிடத்தில் அது 32 அடி கீழே இறங்குது. வாய்க்கால் வெட்டி அந்தத் தண்ணியைத் திருப்பி, பெரிய சக்கரத்தைச் சுத்தவிட்டு, தோல் பட்டை மாட்டித் தறி ஓட்டினாங்க. கரண்டு இல்லாத காலம். 1823-ல் முதல் மில் ஓடியது. வரிசையா மில்கள் வந்து, லோவெல் என்ற ஊரே உண்டாச்சு. பஞ்சு வந்தது அடிமைகள் உழைத்த தென்மாநிலத் தோட்டங்களிலிருந்து. அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசணும்.

வேலைக்கு வந்தவங்க பெரும்பாலும் கல்யாணம் ஆகாத விவசாய வீட்டுப் பொண்ணுங்க. வாரத்துக்குச் சுமார் 73 மணி நேரம் வேலை. நூல் அறுந்துடும்னு ஜன்னலைத் திறக்க விடமாட்டாங்க. நானும் கல்யாணத்துக்கு முன்னாடி நூல் மில்லில் இருந்தவதான். அந்தப் புழுக்கமும் மூக்கில் ஏறுற பஞ்சும் எனக்குப் படிச்சுத் தெரிய வேண்டியதில்லை. தங்குறது மில்லோட விடுதியில. ராத்திரி 10 மணிக்குக் கதவு பூட்டிடுவாங்க.

ஆனா ஒண்ணு. சம்பளம் அவங்க கைக்கு வந்தது. 1829-ல் ஊரில் சேமிப்பு வங்கி திறந்தாங்க. பொண்ணுங்க தங்கள் பேரிலேயே பணம் போட்டாங்க. நான் இருந்த மில்லில், மூணு வருஷம் முடிஞ்சாத்தான் மொத்தப் பணம்னு சொல்லிச் சேர்த்தாங்க. ரெண்டரை வருஷத்தில் உடம்பு முடியாம வீட்டுக்கு வந்தேன். மொத்தப் பணம் வரவே இல்லை. அப்பா நாலு தடவை போய்க் கேட்டார். 'மூணு வருஷம் முடியலையே'ங்கிறதுதான் பதில். பாஸ்புக்கை யார்கிட்டயும் கொடுத்து வைக்காதீங்கன்னு நான் கூட்டத்துக்குக் கூட்டம் கத்துறது இதனாலதான்.

1834 பிப்ரவரியில், கூலியைக் குறைக்கப் போறதா லோவெல் மில்காரங்க அறிவிச்சாங்க. சுமார் 800 பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தாங்க. வந்தவங்க சேமிப்பை மொத்தமா எடுக்கப் போக, வங்கிக்காரங்களே திணறிப்போனாங்க. கையில் காசு இருந்ததாலதான் அந்தத் தைரியம் வந்துச்சுன்னு நான் நினைக்கிறேன். இருந்தும் சில நாளில் போராட்டம் அடங்கிப்போச்சு. குறைச்ச கூலி குறைச்சதுதான். அப்போ அவங்களுக்குச் சங்கம் கிடையாது.

1836-ல் விடுதிச் சாப்பாட்டுச் செலவை அவங்க தலையில் கூட்டினாங்க. இந்தத் தடவை சங்கம் வச்சுக்கிட்டு, முன்னைவிட அதிகம் பேர் வெளியே வந்தாங்க. ஹாரியட் ஹான்சன்னு 11 வயசுப் பிள்ளை. தன்னோட பகுதியில் பெரியவங்க தயங்கி நிக்க, யார் வந்தாலும் வராட்டியும் நான் போறேன்னு முன்னால நடந்தா. திரும்பிப் பார்த்தா பின்னாடி நீள வரிசை! சில மில்கள் கொஞ்சம் இறங்கி வந்தன. ஆனா அந்தப் பிள்ளையின் அம்மா, விதவை, கம்பெனி விடுதி நடத்தினவங்க. பெரிய பொண்ணுங்களைத் தடுக்க முடியலைன்னா சரி, பெத்த மகளைத் தடுத்திருக்கலாமேன்னு சொல்லி அவங்களை வேலையிலிருந்து எடுத்துட்டாங்க.

1845-ல் சாரா பேக்லியும் மத்தவங்களும் பத்து மணி நேர வேலை கேட்டு, 2,000-க்கும் மேற்பட்ட கையெழுத்தோடு சட்டசபைக்கு மனு கொடுத்தாங்க. ஓட்டுரிமை இல்லாத பெண்கள் நேரில் போய்ச் சாட்சியும் சொன்னாங்க. எங்களால் ஒண்ணும் செய்ய முடியாதுன்னு அனுப்பிட்டாங்க. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தச் சட்டம் வந்தது 1874-ல்.

அங்கே பூட் மில்னு ஒண்ணு 1955 வரை ஓடியது. இப்போ அருங்காட்சியகம். பழைய தறிகளை ஓட்டிக் காட்டுறாங்க. சத்தம் தாங்காதுன்னு, பார்க்க வர்றவங்களுக்குக் காதில் வைக்க அடைப்பான் கொடுக்குறாங்க.