கை நடுங்கும் பெரியவர்களைக் கைவிடாதிருப்போம்

(தோட்டத்தில் நடந்த முதியோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கூட்டம் என்றால் கடனைப் பற்றியோ கூரைத் தகரத்தைப் பற்றியோ பேசுவார்கள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்றைக்குப் பேச வந்தது வேறு விஷயம். லயத்திலே இஸ்தோப்பு மூலையில் கை நடுங்க உட்கார்ந்திருக்கும் நம் தாய் தகப்பனைப் பற்றித்தான்.

ஊருக்கு மட்டும் உபதேசம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதனால் எங்கள் வீட்டுக் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். பென்சன் வாங்கி இரண்டு வருஷம் கழித்து, மடியில் வைத்த வலது கை தானாக ஆட ஆரம்பித்தது. பெருவிரலும் பக்கத்து விரலும் உரசி உரசி, கொழுந்து கிள்ளுகிற மாதிரியே இருக்கும். "பழகின கை, சும்மா இருக்க மாட்டேங்குது" என்று நாங்கள் சிரித்தோம். பிறகு நடை சுருங்கியது. குரல் இறங்கியது. சேலை கட்ட அரை மணித்தியாலம் எடுத்தது. "வயசானா சோம்பலும் வருமோ" என்று ஏசினோம். ஒரு நாள் தேத்தண்ணி கோப்பை கைதவறி விழுந்து, பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பி நனைந்தது. அன்றைக்கு நாங்கள் பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பிறகு அம்மா எங்கள் முன்னால் தேத்தண்ணி குடிப்பதையே விட்டுவிட்டார். அதையும் நாங்கள் பல நாள் கவனிக்கவில்லை.

குளிசம் கட்டினோம், எண்ணெய் தேய்த்தோம். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனபோது, அம்மா நடந்து வந்த விதத்தைப் பார்த்தே மருந்துக்கார ஐயா ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்தார். அங்கேதான் இது பார்கின்சன் நோய் என்று தெரிந்தது. தமிழில் நடுக்குவாதம் என்பார்கள். 1817ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் பார்கின்சன் என்ற ஆங்கிலேய வைத்தியர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பேயும் இல்லை, செய்வினையும் இல்லை. தொட்டால் ஒட்டாது. உடம்பை அசைக்க மூளைக்கு டோபமின் என்றொரு சாறு வேண்டும். அதைச் சுரக்கிற கலங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப் போவதால் வருகிற நோய் இது. முற்றாகக் குணமாக்க இன்னும் வழியில்லை. ஆனால் மருந்தால் நடமாட்டத்தை நன்றாகத் திருப்பலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். நடுக்கம் எல்லாமே இந்த நோய் அல்ல. கை சும்மா இருக்கும்போது நடுங்கி, உடம்பு விறைத்து, வேலை மந்தமானால் இது இருக்கலாம். கோப்பையைத் தூக்கும்போது மட்டும் நடுங்கினால் அது பெரும்பாலும் வேறு. அது சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். தைரொயிட் கூடினாலும், சில ஆஸ்மா மருந்துகளாலும் நடுங்கும். சீனி வியாதிக்காரருக்குச் சீனி இறங்கினாலும், குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினாலும் நடுங்கும். ஆகவே நாமே முடிவு கட்டக் கூடாது. தள்ளாடுகிற பெரியவரைப் பார்த்து "குடிச்சிட்டு வாறாரு" என்று லயமே பேசுவதும் பாவம். வைத்தியரிடம் காட்டுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்ப்பதற்குக் காசு இல்லை.

இனி நாங்கள் செய்த பெரிய பிழை. லெவோடோபா சேர்ந்த குளிசை தந்தார்கள். சில வாரத்தில் அம்மா தானாகவே எழுந்து பீலிக்கரை வரைக்கும் போனார். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு கொழுந்து நிறைய வந்த மாதம், அடை மழை. கிளினிக் போனால் ஒரு பேர் விழாதே என்று அந்த முறை யாரும் போகவில்லை. மருந்து முடிந்தது. நாலாம் நாள் அம்மா கட்டிலில் மரக்கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தார். தண்ணீரும் விழுங்க முடியவில்லை. தூக்கிக் கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து" என்று வைத்தியர் சொன்னார். ஒரு பேருக்காகத் தாயைப் பறிகொடுக்கப் பார்த்தோம்.

அதனால் நாங்கள் கற்றுக் கொண்டதைச் சொல்கிறோம்.

மருந்து முடிய ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்த கிளினிக்கை நினைவு வையுங்கள். குளிசையைத் தினமும் ஒரே நேரத்தில், சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு, வெறும் தண்ணீரோடு கொடுங்கள். பருப்பு, முட்டை, மீன், பாலோடு சேர்ந்தால் சிலருக்கு மருந்து சரியாகப் பிடிக்காது. வாந்தி என்று வேறு மருந்துக்குப் போனால் இந்த நோயைக் கட்டாயம் சொல்லுங்கள். சில வாந்தி மருந்துகள் நடுக்கத்தைக் கூட்டிவிடும்.

கோப்பையை அரைவாசிக்கு மட்டும் ஊற்றி, பிடி உள்ளதாகக் கொடுங்கள். கரண்டிக் காம்பில் துணி சுற்றினால் பிடிக்க லேசு. நிமிர்ந்து உட்கார வைத்துச் சாப்பிடக் கொடுங்கள். படுத்தபடி கொடுத்தால் புரையேறும். கட்டிலிலிருந்து எழும்பினால் கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகே நிற்கச் சொல்லுங்கள். கக்கூசுக்குப் போகிற வழியில் பிடிக்க ஒரு கயிறு கட்டுங்கள். கானுக்குப் பலகை போடுங்கள். வாசற்படியில் கால் ஒட்டின மாதிரி நின்றுவிட்டால் இழுக்காதீர்கள். "ஒன்று, இரண்டு" என்று எண்ணுங்கள், அல்லது தரையில் சோக்கால் கோடு போட்டு அதைத் தாண்டச் சொல்லுங்கள். கால் தானாக வரும்.

பகலில் புருஷனும் பெண்சாதியும் மலைக்குப் போனால், வீட்டில் பெரியவர் தனியாகத்தான். அடுப்பில் கொதிக்கிற தண்ணீரை விட்டுப் போகாதீர்கள். ஒரே லயத்தில் இரண்டு மூன்று வீடு சேர்ந்து, வீட்டில் இருப்பவர் யாராவது பகல் குளிசையைக் கொடுத்து ஒரு தரம் எட்டிப் பார்ப்பது என்று பேசிக் கொள்ளுங்கள். எங்களுக்கு அடுத்த காம்பரா அக்காதான் அந்த உதவியைச் செய்கிறார்.

மருமகள்மாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழுந்தும் எடுத்து, சமைத்து, மாமியாரைக் குளிப்பாட்டுவதும் அவர்கள்தான். மகன்மாரே, தாயைக் கழுவி விடுவது ஆம்பிளைக்குக் குறைச்சல் இல்லை. ஞாயிற்றுக்கிழமையாவது நீங்கள் செய்யுங்கள்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை என்று சொல்கிறது. 60 வயது தாண்டியவர்களுக்கு முதியோர் அடையாள அட்டையும் உண்டு. அதற்கு விண்ணப்பம் எழுத எங்கள் காரியாலயத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். ஆனால் சட்டம் வந்து தேத்தண்ணி ஊட்டாது. அது நம் கையில்தான் இருக்கிறது.

எங்கள் அம்மா இப்போது எங்கள் முன்னால்தான் தேத்தண்ணி குடிக்கிறார். சிந்தத்தான் செய்கிறது. துடைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்கிறோம். நம்மைக் கூடையோடு சேர்த்துச் சுமந்த கை அது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தக் கையை ஒரு தரம் பிடித்துப் பாருங்கள்.