நெல்லா, புல்லா? நாற்றிலேயே கண்டறிவீர்!
(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் களையெடுக்க ஆள் கிடைப்பது எளிதன்று. கிடைத்த ஆளும் நெல்லைப் பிடுங்கிப் புல்லை விட்டுவிட்டால், கூலியும் போய் விளைச்சலும் போகும். புழுதியில் நேரடியாக விதைத்த வயலில் வரிசையும் இராது. அடையாளம் ஒன்றே துணை.

ஓர் இளஞ்செடியைப் பிடுங்கி, இலையை மெல்லப் பின்னோக்கி வளையுங்கள். இலையும் உறையும் சேருமிடத்தில் நாக்குப் போன்ற வெண்சவ்வும், இருபுறமும் மயிருள்ள சிறு காதுகளும் இருந்தால் அது நெல். இரண்டும் இன்றி வழவழப்பாக இருந்தால் அது குதிரைவாலிப் புல். முதிர்ந்த அடியிலைகளில் காது உதிர்ந்திருக்கலாம். எனவே மேலிலையையே பாருங்கள்.

குதிரைவாலிப் புல்லிலும் இரு வகை உண்டு. ஒன்று குட்டையானது, அடியில் சாய்ந்து எழும். இலையின் குறுக்கே சில சமயம் செவ்வூதாப் பட்டை தெரியும். மணியில் மீசை இராது. நாம் சமைத்து உண்ணும் குதிரைவாலி, இதன் வழிவந்த பயிரே. மற்றொன்று நெல்லையும் மிஞ்சி உயரும், கதிர் பருத்திருக்கும், மணியில் பெரும்பாலும் மீசை உண்டு. இரண்டும் நெல் அறுவடைக்கு முன்பே விதையை உதிர்த்து, அடுத்த போகத்திற்கும் தொல்லையை விதைத்துவிடும்.

லெப்டோகுளோவா என்னும் புல்லுக்கோ நாக்கு உண்டு, காது இல்லை. கதிர்க்கிளைகள் நூல்போல் மெலிந்திருக்கும். இதைப் பிரித்தறிவது பணத்தைக் காக்கும். பிஸ்பைரிபாக் சோடியம் மருந்து, இரண்டு மூன்று இலைப் பருவத்தில் குதிரைவாலிப் புல்லை நன்கு அடக்கும். லெப்டோகுளோவாவை அவ்வாறு அடக்காது. புல்லை அறியாமல் தெளித்தால் மருந்துச் செலவு வீண்.

களை நெல்லுக்கு நாக்கும் உண்டு, காதும் உண்டு, நாற்றில் ஏமாற்றிவிடும். பயிரைவிட உயர்ந்து, முந்திப் பூத்து, மணி உதிரும் செடிகளைக் கண்டால் அதுவென்று கொள்ளுங்கள். மணி முற்றுமுன் வேரோடு பிடுங்கி வயலுக்கு வெளியே அகற்றுங்கள். அந்த வயல் நெல்லை விதைக்கு வைக்காதீர்கள்.

ஐயம் வந்தால் செடியை வேரோடு பிடுங்கி, திரூர் வேளாண்மை அறிவியல் நிலையத்திற்குக் கொண்டு செல்லுங்கள். நாளைக் காலை வரப்பில் நின்று பத்துச் செடிகளை வளைத்துப் பாருங்கள். களையெடுக்க வருவோருக்கும் காட்டிக் கொடுங்கள். கண் பழகிவிட்டால் கை தவறாது.