ஐந்துக்கும் இரண்டுக்கும் ஒரே பாராட்டு



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்த வாரம், மாலைத் திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். "ஃபாதர், இவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க. நல்ல மார்க் வாங்கியிருக்கான். இன்ஜினியரிங் சீட் கிடைக்கும். ஆனா பி.எஸ்சி. கணக்குதான் படிப்பேன்னு பிடிவாதமா நிக்கிறான்" என்றார்.

"கணக்கு படித்தால் என்னம்மா?" என்று கேட்டேன்.

"பயமா இருக்கு ஃபாதர். அவங்க அப்பா ஆட்டோ ஓட்டுறார். அடுத்து ஒரு பொண்ணு இருக்கா. இவன் சம்பாதிச்சாதான் வீடு நிமிரும்."

அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். மாத வாடகை கொடுக்கும் வீட்டின் பயம் அது. ஆனாலும் அன்றிரவு மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தைத் திறந்து தாலந்து உவமையை மீண்டும் வாசித்தேன்.

ஒருவருக்கு ஐந்து தாலந்து, ஒருவருக்கு இரண்டு, ஒருவருக்கு ஒன்று. ஒன்றுதானே என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து என்பதே சுமார் 20 ஆண்டு உழைப்பின் மதிப்பு! கடவுள் யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

தலைவர் திரும்பி வந்தபோது என்ன சொன்னார் என்று கவனியுங்கள். ஐந்தைப் பத்தாக்கியவரையும் இரண்டை நான்காக்கியவரையும் அவர் ஒரே சொற்களால் பாராட்டுகிறார். இருவருக்கும் ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. அவர் தேடியது நம்பிக்கைக்கு உரிய மனத்தை. மூன்றாமவர் ஏன் தோற்றார்? திறமை இல்லாததால் அல்ல, பயந்துபோய்ப் புதைத்துவிட்டார். வெற்றி என்றால் என்ன என்று இந்த உவமையிடம் கேட்டால், கொடுக்கப்பட்டதைப் புதைக்காமல் உண்மையோடு உழைப்பதே என்று அது சொல்லும்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. நுங்கம்பாக்கம் லொயோலா கல்லூரியில் அருள்தந்தை சார்ல்ஸ் ரசீன் என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு கணிதம் கற்பித்தார். எலீ கார்த்தான் என்ற மாபெரும் கணித மேதையிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். அந்நாளில் இங்கே கணக்குப் படிப்பு பெரும்பாலும் தேர்வுக்கான பயிற்சியாகவே இருந்தது. அவரோ ஐரோப்பாவில் வளர்ந்துகொண்டிருந்த புதிய கணிதத்தைத் தம் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். ஆர்வமுள்ளவர்களை ஆராய்ச்சிக்குப் போகும்படி ஊக்குவித்தார்.

அந்த மாணவர்களில் இருவர் சி.எஸ். சேஷாத்ரி, எம்.எஸ். நரசிம்மன். இருவரும் 1953-இல் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்கள். அந்த நிறுவனத்துக்கே அப்போது எட்டு வயதுதான். அவர்கள் பெயரால் இன்று உலகெங்கும் அறியப்படும் தேற்றம் வெளிவந்தது 1965-இல். பன்னிரண்டு ஆண்டுகள், அன்புப் பிள்ளைகளே! கனவு என்பது ஒரு ராத்திரியில் காண்பது. ஆர்வம் என்பது அதன் பிறகு விடியும் ஒவ்வொரு காலையிலும் மேசைக்கு முன் உட்காருவது.

சேஷாத்ரி அத்துடன் நிற்கவில்லை. சென்னைக்குத் திரும்பி, 1989-இல் கணிதத்துக்கென ஒரு சிறு ஆய்வுப் பள்ளியைத் தொடங்கினார். நாம் துணி எடுக்கப் போகும் அதே தி.நகரில், ஜி.என். செட்டி சாலையில் அது இயங்கியது. இன்று சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. தாம் பெற்றதை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்.

ரசீன் தந்தையின் பெயரில் அப்படிப் புகழ்பெற்ற தேற்றம் ஏதும் இல்லை. ஆனால் அவருடைய தாலந்து அவருடைய மாணவர்களிடத்தில் பெருகியது. தேற்றம் கண்டவர்களுக்கும் அவர்களைத் தூண்டிவிட்டவருக்கும் ஆண்டவர் வெவ்வேறு பாராட்டா வைத்திருப்பார்?

மாணவச் செல்வங்களே, உங்கள் கனவு உண்மையானதா என்று அறிய மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் மார்க் போடாவிட்டாலும் இதைச் செய்வேனா? கடினமாகும்போதும் இதில் நிலைத்திருப்பேனா? என் வீட்டுக்கும் பிறருக்கும் இதனால் என்ன பயன்? மூன்றாவது கேள்வியைத் தவிர்த்துவிடாதீர்கள். அப்பாவின் வியர்வையை மறந்த கனவு சுயநலமாகிவிடும்.

பெற்றோரே, உங்கள் பயத்தைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் அந்தப் பயத்தையே மண்வெட்டியாக்கி அவன் தாலந்தைப் புதைத்துவிடாதீர்கள்.

மறுநாள் அந்தப் பையனைத் தனியாக அழைத்துப் பேசினேன். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினான். பாடத்திட்டத்தில் இல்லாத கணக்குகள், பக்கம் பக்கமாக. எனக்கு அவை புரியவில்லை. புரிந்த ஒரு பேராசிரியரிடம் தாயும் மகனும் சேர்ந்து போய், படிப்பு, உதவித்தொகை, வேலை எல்லாவற்றையும் விசாரிக்கும்படி சொல்லி அனுப்பினேன். என்ன முடிவெடுத்தார்கள் என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் போகும்போது அந்தத் தாய் அந்த நோட்டைத் தம் கையில் வாங்கிப் பிடித்திருந்தார்.

அன்பு ஆண்டவரே, நீர் எங்களுக்குத் தந்ததைக் கண்டுகொள்ளும் ஞானத்தையும், அதைப் புதைக்காத துணிவையும், பிறரோடு ஒப்பிடாத மனத்தையும் எம் பிள்ளைகளுக்குத் தந்தருளும். ஆமென்.